நாலு பட்டன், நூத்தி இருபது கேள்வி

பாட்டு கேக்குற கருவி விக்கிறவங்களுக்கு முதல்ல அலுத்துப்போறது பாட்டு, ரெண்டாவது அலுத்துப்போறது மனுஷங்க. கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னு பொழைக்கிற உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்கத் தேவையில்லை. கால் வீங்கும், தொண்டை வறளும், காலையில முதல் ஆள்கிட்ட சொன்னதையே சாயங்காலம் முப்பதாவது ஆள்கிட்டயும் சிரிச்ச முகமா சொல்லணும். சிரிக்கலைன்னா அந்தப் பொண்ணுக்கு ராங்கின்னு பேர் வந்துடும்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜார்ல ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில எனக்கு வேலை. வீடு பக்கத்துல வடக்குத்துங்கிற ஊர்ல. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு வாக்குல எங்க முதலாளி ஒரு அட்டைப்பெட்டி நிறைய எம்பி3 பிளேயர் வாங்கி வந்து இறக்கினார். டிவி பக்கம் நிக்கிறவங்களும் மிக்சி பக்கம் நிக்கிறவங்களும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கடையில கடைசியா சேர்ந்தவ நான், அதனால என் தலையில கட்டிட்டாங்க. கட்டைவிரல் நீளம், நாலு பட்டன், தபால்தலை அளவுல ஒரு திரை, ஓரத்துல நகத்தால தள்ளுற மாதிரி ஒரு பூட்டு. அதுக்குப் பேர் ஹோல்டு. அதைத் தள்ளிட்டா எந்தப் பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யாது. கூட வர்ற பேப்பர்ல இருந்த இங்கிலீஷ், இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கே புரியலை. ஆக, பிளேயர் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் பேப்பருக்குப் பதிலா நான் பேசியாகணும்.

நான் சொல்ல வந்தது கலியபெருமாள் அண்ணன் விஷயம். அவரோட வேலையும், வேலையைவிடப் பெரிசா ஒண்ணும் என் கையில கொஞ்ச நாள் இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரைச் சொல்லியாகணும். அவங்களாலதான் எனக்கு ரெண்டு பழக்கம் ஒட்டிக்கிச்சு, அந்த ரெண்டு பழக்கத்தாலதான் எல்லாம் நடந்துச்சு.

செத்துப்போன பிளேயர்

சண்முகம் சார் மைன்ஸ்ல மண் வெட்டுற பெரிய சக்கர மெஷினை ஓட்டுறவர். நாலு மாடி உயரத்துல உக்காந்துகிட்டு அதை இப்படியும் அப்படியும் திருப்புற ஆள். திங்கக்கிழமை பிளேயர் வாங்கினார், செவ்வாய்க்கிழமை காலையில ஷிஃப்ட் முடிஞ்ச யூனிஃபார்மோட வந்து கவுன்ட்டர்ல வெச்சார். செத்துப்போச்சும்மா, ஒரு ராத்திரிகூட தாங்கலைன்னார். நான் வாங்கிப் பார்த்தேன், ஹோல்டு தள்ளியிருந்துச்சு. நகத்தால இந்தப் பக்கம் தள்ளினேன், பாட ஆரம்பிச்சுடுச்சு. அவர் முகத்துல சந்தோஷம் வரலை, சந்தேகம்தான் வந்துச்சு. நான் ஏதோ பீஸை மாத்திக் குடுத்துட்ட மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை மறுபடி வந்தார். வியாழக்கிழமை அவரோட சம்சாரம் வந்தாங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமா வந்தாங்க. சட்டைப்பையில போடும்போது பூட்டிக்கிட்டது, பீரோவுல வைக்கும்போது பூட்டிக்கிட்டது, கொசுவர்த்தி டப்பா இடிச்சுப் பூட்டிக்கிட்டதுன்னு நாலு தடவையும் நான் அதே பூட்டைத் திறந்துகிட்டிருந்தேன். அந்த வாரம் மட்டும் இதே மாதிரி செத்துப்போன பிளேயர் பதினேழு வந்துச்சு, பதினேழும் உயிரோட வீட்டுக்குப் போச்சு. அதுல இருந்து யார் எந்தக் குறையோட வந்தாலும், அவங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி என் கட்டைவிரல் தானா அந்தப் பூட்டுகிட்ட போயிடும். குறை எதுவா இருந்தாலும் நான் பார்க்குறது அதை மட்டும்தான். நாலாவது தடவை சண்முகம் சார் கொஞ்சம் கோவமாவே சொன்னார்: "எங்க மெஷின்ல எதையாவது லாக் பண்ணினா மணி அடிச்சு சொல்லும்மா. இது பூட்டிகிட்டு கமுக்கமா இருக்குது, நான் என்னன்னு கண்டுபிடிக்கிறது?"

அடுத்த பாட்டு தெரிஞ்சுபோச்சு

ராஜேஸ்வரி மேடம் குவார்ட்டர்ஸ்ல இருக்கவங்க. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்குவார். பகல்ல ரேடியோ போட முடியாது, டிவி போட முடியாது, குக்கர்கூட பயந்துகிட்டேதான் விசில் அடிக்கணும். ஷிஃப்ட் ஆள் இருக்க வீட்டுல இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு பிளேயர் வாங்கிட்டுப் போனாங்க. நான் இருநூறு பாட்டு ஏத்திக் குடுத்தேன்.

பத்து நாள் கழிச்சு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாங்க. தினமும் ஆன் பண்ணா அதே பாட்டு, அதுக்கு அடுத்தது அதே பாட்டு, பாத்திரம் தேய்க்கும்போது எது வரும், துணி காயப்போடும்போது எது வரும்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்குக் கேக்கணும்னாங்க. மெனுவுக்குள்ள போய் ஷஃபிள்னு ஒண்ணைப் போட்டு விட்டேன். அதைப் போட்டா வரிசைப்படி பாடாது, சீட்டுக்கட்டைக் கலைச்ச மாதிரி அதுவே கலைச்சுப் போட்டுப் பாடும். திரையோட மூலையில ரெண்டு சின்ன அம்புக்குறி குறுக்க நெடுக்க தெரியும், அதுதான் அடையாளம்.

மறுவாரம் அந்த அம்மா, அவங்க பிளாக்ல இருக்க இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்களுக்கும் அந்தக் கலைக்கிறது வேணும்னு கேட்டாங்க. அப்புறம் அந்த நாலு பேர் சொல்லி எட்டுப் பேர். மெனு சீன மொழியில வரும், அதை இங்கிலீஷுக்கு மாத்தணும், அப்புறம் ஷஃபிள் தேடணும், ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிஷம். எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே பெட்டியைப் பிரிச்சதுமே எல்லா பீஸுக்கும் நானே போட்டு வெச்சுடறதுன்னு முடிவு பண்ணினேன். சார்ஜ் ஏத்து, மொழி மாத்து, ஷஃபிள் போடு, பெட்டியை மூடு. கை தன்னால செய்யும், மனசு மத்தியானச் சோத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கும். ராஜேஸ்வரி மேடம் அன்னிக்கு நன்றி சொன்ன விதம் மட்டும் ஞாபகம் இருக்கு: "இப்பதாம்மா எங்க வீட்டுல ஒரு விஷயமாவது எனக்கு முன்கூட்டியே தெரியாம நடக்குது."

பாட்டு வேணாம், பாடம் வேணும்

கலியபெருமாள் அண்ணன் வந்தது ஏப்ரல் கடைசியில. மைன்ஸ்ல ஒரு காண்ட்ராக்ட்காரர்கிட்ட வேலை. மண்ணும் கரியும் தூக்கிட்டுப் போற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில சிந்துறதையெல்லாம் குனிஞ்சு வாரி மறுபடி பெல்ட்டுல போடணும். பதினெட்டு வருஷமா அதே வேலை. கீழ் வரிசையில இருக்க பிளேயரைக் காட்டச் சொல்லிட்டு, அதைப் பார்க்கறதுக்காக கவுன்ட்டரைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா குனிஞ்சார். நிமிரும்போது கண்ணை மூடிக்கிட்டார். முட்டி போயிடுச்சுன்னு கேக்காமலே தெரிஞ்சுது.

இருக்குறதுலயே விலை கம்மியானதை எடுத்துக்கிட்டார். என்ன பாட்டுண்ணே ஏத்தணும்னு கேட்டேன். பாட்டு வேணாம்னுட்டு, மடியில இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவங்க காண்ட்ராக்ட்காரர் பெல்ட் ஆபரேட்டர் வேலைக்கு உள்ளேருந்தே ஆள் எடுக்கறாராம். கேபின்ல உக்காந்து பட்டன் அமுக்கற வேலை, குனிய வேண்டியதில்லை. ஜூன் கடைசியில ஆபீசர்ங்க வாயால கேள்வி கேப்பாங்க, பதில் சொன்னா சீட்டு. புத்தகத்துல நூத்தி இருபது கேள்வி பதில். நாப்பத்தஞ்சு வயசு ஆயிட்டா எடுக்க மாட்டாங்க, இவருக்கு அக்டோபர் வந்தா நாப்பத்தஞ்சு. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான், முட்டி இருக்கவரைக்கும் மண்ணு வார வேண்டியதுதான்.

எழுத்துக்கூட்டிப் படிப்பாராம், ஆனா வேலை முடிஞ்சு உக்காந்தா ரெண்டு வரிக்குள்ள தூக்கம் வந்துடுதாம். சம்சாரத்துக்குப் படிக்கத் தெரியாது, பொண்ணு கடலூர்ல ஹாஸ்டல்ல நர்ஸிங் படிக்குது. யாராவது படிச்சு இந்தப் பெட்டிக்குள்ள போட்டுக் குடுத்தா பஸ்ல போகும்போதும் வரும்போதும் கேட்டுக்குவேன்னார். இந்த பிளேயர்ல பதிவு பண்ற வசதியும் உண்டு. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, வாய் சும்மா இல்லாம சொல்லிட்டேன். யார்ணே படிப்பாங்கன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்துகிட்டே நின்னார். எனக்கு நேரமில்லைண்ணேன்னு சொன்னேன், அப்பவும் நின்னார். அப்புறம் மெதுவா சொன்னார்: "நீங்க பாட்டு ஏத்தறதுக்கு எடுத்துக்கற நேரம் எடுத்துகினா போதுங்க தங்கச்சி. மண்டையில ஏத்திக்கிறத நான் பாத்துக்கறேன்."

ஒன்றரைலருந்து நாலு வரைக்கும்

எங்க பஜார்ல மத்தியானம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்குனா நாலு மணிக்குத்தான் தூக்குவோம். வடக்குத்து போய்த் திரும்ப அந்த நேரத்துக்கு பஸ் சரியா அமையாது, அதனால நான் கடையிலயேதான் கிடப்பேன். கிடைக்கிற தூக்கம் அந்த ரெண்டரை மணி நேரம்தான். மூணு வாரம் அதை கலியபெருமாள் அண்ணனுக்குக் குடுத்தேன். பெருமைக்குச் சொல்லலை, எரிச்சலோடதான் குடுத்தேன். ஃபேன் ஓடினா சத்தம் பதிவாகுதுன்னு ஃபேனை நிறுத்தணும். கத்திரி வெயில்ல, பாதி இறக்கின ஷட்டருக்குள்ள உக்காந்து, பெல்ட்டு ஓடும்போது ரோலர்ல கல் சிக்கினா என்ன செய்யணும்னு எனக்கு நானே கேட்டு எனக்கு நானே பதில் சொல்லிட்டிருந்தேன். பெல்ட்டு ஓரமா நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருப்பாங்களாம், அதுக்குப் பேர் புல்கார்டு, எங்கேருந்து இழுத்தாலும் பெல்ட்டு நின்னுடும். அந்தப் புத்தகத்துல பாதிக் கேள்விக்கு அதுதான் பதில். தூக்கத்துல என்னைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் புல்கார்டைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிப் பதிவு. கேள்வி எண்ணை வாயால சொல்லலை, அது என் சோம்பேறித்தனம். அதான் வரிசைப்படி அடுக்கியிருக்கோமே, ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுதானே வரப்போகுதுன்னு விட்டுட்டேன். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் வேற, மத்தியானம்தான் மிக்சியை ஓட்டுவார். ஒரு பதிலை முடிக்கிற நேரத்துல அவர் மிக்சி கர்ருன்னுச்சு, எனக்கு ஆத்திரத்துல திட்டு வாய்ல வந்துடுச்சு, அதுவும் பதிவாயிடுச்சு. அழிச்சுட்டு மறுபடி பேச எனக்குத் தெம்பில்லை. பரீட்சைக்குப் போறவருக்கு எது பதில், எது என் புலம்பல்னு தெரியாதான்னு விட்டுட்டேன். கடைசிக் கேள்வி முடிஞ்ச அன்னிக்கு அந்தக் கடைக்காரர்கிட்ட போய் சண்டை போட்டேன். அவர் ஒரு சாத்துக்குடி ஜூஸை என் முன்னாடி வெச்சுட்டு சொன்னார்: "நீ உள்ள தனியா கேள்வி கேட்டு தனியா பதில் சொல்லிகிட்டிருந்தியா, எனக்கு வேற மாதிரி பயம் வந்துடுச்சும்மா. அதான் உனக்குத் துணையா மிக்சியை ஓட்டிகிட்டிருந்தேன்."

மறதி

பிளேயரை மே மாசம் மூணாவது வாரம் கலியபெருமாள் அண்ணன் கையில குடுத்தேன். எட்டு நாள்ல திரும்பி வந்தார். அன்னிக்கு கடையில சம்பள நாள் கூட்டம், நாலு பேர் ஒரே நேரத்துல கையை நீட்டிகிட்டு நிக்கிறாங்க. அவர் ஓரமா நின்னு, எல்லாரும் போகட்டும்னு காத்துகிட்டிருந்தார். போகலை, கூட்டம் ஏறிகிட்டேதான் இருந்துச்சு. கடைசியில கூட்டத்துக்கு நடுவுலயே தயங்கித் தயங்கிச் சொன்னார். நேத்து மோட்டார் சூடாகுற கேள்விக்கு அப்புறம் தீப்பிடிக்கிற கேள்வி வந்துச்சாம், இன்னிக்கு அதே மோட்டார் கேள்விக்கு அப்புறம் முதலுதவி வருதாம். காலையில வந்தது சாயங்காலம் காணோமாம். புத்தகத்துல ஒரு வரிசை இருக்கு, காதுல ஒரு வரிசை வருதாம்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? காதுல மாட்டி ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். அரை நிமிஷ வேலை. ஆனா என் கட்டைவிரல் அதுக்குள்ள அந்தப் பூட்டுகிட்ட போயிடுச்சு. பூட்டு திறந்து கிடந்துச்சு. அப்ப சரி, பையில போடும்போது பட்டன் தானா அமுங்கி வேற எங்கயாவது தாவுதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். நீங்கதாண்ணே பட்டனை அமுக்கறீங்க, மெஷின் சரியாத்தான் இருக்குன்னு கொஞ்சம் கடுப்பாவே சொன்னேன். ஆன் பண்ணினதும் பூட்டிடுங்க, அப்புறம் எதுவும் தாவாதுன்னு சொல்லி நாலு தடவை செஞ்சு காட்டினேன். அவர் நாலு தடவையும் சரிங்க சரிங்கன்னார். மூலையில அந்த ரெண்டு அம்புக்குறி என்னைப் பார்த்துகிட்டுதான் இருந்திருக்கும். தினமும் நூறு திரையில பார்க்குறது, என் கண்ணுல படவே இல்லை.

போறதுக்கு முன்னாடி, கொஞ்சம் தள்ளி வந்து மெல்லிய குரல்ல ஒரு விஷயம் சொன்னார். அவங்கப்பா கடைசிக் காலத்துல எல்லாத்தையும் மறந்துட்டாராம். சாப்பிட்டதை மறந்தார், வீட்டுக்கு வர்ற வழியை மறந்தார், கடைசியில பெத்த பிள்ளையைப் பார்த்து யாருன்னு கேட்டாராம். அவருக்கு ஆரம்பிச்சப்ப வயசு அம்பதுகூட ஆகலையாம். பின்னாடி ஒருத்தர் இயர்ஃபோன் இயர்ஃபோன்னு கத்திகிட்டிருந்தார். கலியபெருமாள் அண்ணன் பிளேயரைத் துண்டுல சுத்திகிட்டே சொன்னார்: "மெஷின் மேல தப்பில்லன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப நம்மகிட்டதாங்க ஆரம்பிச்சிருக்குது."

ரெண்டு டார்ச் செல்

ஜூன் நடுவுல அஞ்சலை அக்கா வந்தாங்க, கலியபெருமாள் அண்ணனோட சம்சாரம். அதுவரைக்கும் நான் அவங்களைப் பார்த்ததில்லை. ரெண்டு டார்ச் செல் வாங்கினாங்க. வாங்கிட்டும் போகலை. நீங்கதானே அந்தப் பெட்டியில பேசறவங்கன்னு கேட்டாங்க. குரலை வெச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. வூட்டுல ராத்திரி பூரா உங்க பேச்சுதான், ஒரு காதுல எனக்கும் மாட்டிவிட்டுடுவாருன்னு சொன்னாங்க. எனக்கு வெக்கமா போச்சு.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாங்க. அவர் விடாம கேக்குறாராம், சோறு திங்கும்போதும் காதுல இருக்காம். கேட்டுட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பாராம், வரிசை தப்புதுன்னு தலையில அடிச்சுக்குவாராம். முந்தாநாள் வாசல்ல நின்னுகிட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம், மறந்துடுச்சான்னு. இந்த இன்டர்வியூவுக்கு நான் போகலை, அத்தனை பேர் முன்னாடி நின்னு முழிக்கிறதுக்கு மண்ணு வாரிட்டே செத்துடலாம்னு நேத்து சொல்லிட்டாராம். அதைச் சொல்லும்போது அந்த அக்கா கண்ணுல தண்ணி வரலை, கையில இருந்த செல்லை மட்டும் உருட்டிகிட்டே இருந்தாங்க. ஆனா அப்பவும் பிளேயரை எடுத்துட்டு வாங்க, ஒரு தடவை பார்க்குறேன்னு சொல்லணும்னு எனக்குத் தோணலை பாருங்க. வரிசை தப்பினா பரவாயில்லைக்கா, தெரிஞ்சதைச் சொன்னாப் போதும், போயிட்டு மட்டும் வரச் சொல்லுங்கன்னு பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். அவங்க என் முகத்தையே பார்த்துட்டு சொன்னாங்க: "அத நீங்களே அந்தப் பெட்டியில ஒரு வாட்டி சொல்லியிருக்கலாங்க. அவரு இப்ப வேற யாரு பேச்சயும் நம்பறதில்ல."

பாதிப் பலாப்பழம்

ஜூலை மாசம் மொதல் வாரம் கலியபெருமாள் அண்ணன் கடைக்குள்ள வந்தப்ப, வாசம் அவருக்கு முன்னாடி வந்துடுச்சு. பண்ருட்டிப் பலாப்பழம், பாதியா அரிஞ்சு சாக்குல சுத்திக் கொண்டாந்து கவுன்ட்டர் மேல வெச்சார். கண்ணாடி உடையப் போகுதுன்னு முதலாளி அங்கேருந்து பதறினார். எனக்கு எதுவும் கேக்கத் தோணலை, அவர் நின்ன நிலையைப் பார்த்தே தெரிஞ்சுடுச்சு. சீட்டு கிடைச்சுடுச்சாம், அடுத்த மாசத்துலருந்து கேபின்.

எப்படி நடந்துச்சுன்னு அவரே சொன்னார். சம்சாரம் சட்டையைப் போட்டுவிட்டு பஸ் ஏத்திவிட்டாங்களாம். இருபத்திரெண்டு பேர் வந்திருந்தாங்களாம். எல்லாரும் ஒண்ணுலருந்து நூத்தி இருபது வரைக்கும் பிசகாம ஒப்பிச்சு வெச்சிருந்தவங்க. ஆபீசர் என்ன செஞ்சார்னா, புத்தகத்தை நடுவுல பிரிச்சு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கேட்டாராம். எழுபத்தி மூணாவதைக் கேட்டா, உள்ள போனவன் மனசுக்குள்ள ஒண்ணுலருந்து ஓட்டிகிட்டு வர்றான், வந்து சேர்றதுக்குள்ள அடுத்த கேள்வி கேட்டுட்டாங்க. இவருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. எங்க தொட்டாலும் பதில் வந்துச்சாம். ரோலர்ல கல் சிக்கின கேள்வியும் வந்துச்சாம். புல்கார்டை இழுக்கணும், பெல்ட்டை நிறுத்தணும், கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும்னு சொல்லிட்டு, அதே மூச்சுல, சீ இந்த மிக்சி வேற உயிரை வாங்குதுன்னும் சொல்லிட்டாராம். ஆபீசர் நிமிர்ந்து பார்த்து அது என்னய்யா மிக்சின்னு கேட்டிருக்கார். பாடத்துல அப்படித்தாங்க இருக்குதுன்னு இவர் பணிவா சொல்லியிருக்கார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூணு பேரும் சிரிச்சுட்டாங்களாம்.

இனிமே டியூட்டியில இதைக் காதுல மாட்டக் கூடாது, பெல்ட்டு சத்தத்தைக் கேட்டுகிட்டே இருக்கணும், அதனால பாடத்தை எடுத்துட்டு அஞ்சலைக்குப் பிடிச்ச பாட்டா ஏத்திக் குடுங்கன்னு பிளேயரை நீட்டினார். மெனுவைத் திறந்தேன். மூலையில ரெண்டு அம்புக்குறி. அடுத்த கேள்வின்னு அமுக்கினேன், அது பாட்டுக்கு எங்கயோ தாவுச்சு. மறுபடி அமுக்கினேன், வேற எங்கயோ போச்சு. என் கையாலதான். பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே நான்தான் போட்டு வெச்சிருக்கேன். அது மாறிடாம பூட்டச் சொல்லிக் குடுத்தவளும் நான்தான்.

ஒரு நிமிஷம் சொல்லாம விட்டுடலாம்னு பார்த்தேன். வேலைதான் கிடைச்சுடுச்சே, பழம் வேற வந்துடுச்சேன்னு மனசு சொல்லுச்சு. ஆனா அவர் வாசல்ல நின்னு பிள்ளைங்க பேரைச் சொல்லிப் பார்த்தது ஞாபகம் வந்துடுச்சு, அதுக்கப்புறம் என்னால முடியலை. சொல்லிட்டேன். அண்ணே, மெஷின் கலைச்சுக் கலைச்சுத்தான் போட்டிருக்கு, அதை அப்படி வெச்சது நான்தான், உங்க மேல தப்பே இல்லை, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி, நான் பார்க்காமலே உங்களைச் சொல்லிட்டேன்னு எல்லாத்தையும் கொட்டினேன். திட்டுவார்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் கவுன்ட்டரைப் பிடிச்சுகிட்டு அந்தச் சின்னத் திரையையே பார்த்தார். வேலை கிடைச்சதைச் சொல்லும்போதுகூட அவர் முகம் அப்படி மாறலை. துண்டால முகத்தைத் துடைச்சுட்டு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா கேட்டு உறுதிப்படுத்திக்கிற மாதிரி, மெதுவா கேட்டார்: "அப்ப எனக்கு மறதி இல்லீங்களா தங்கச்சி? எங்கப்பாவுது எனக்கு வரலீங்களா?"

இத்தனை வருஷ கவுன்ட்டர் வேலையில நான் ஒருத்தருக்கு உருப்படியா செஞ்ச ஒரே உதவி, நான் கவனிக்காம செஞ்ச தப்பால நடந்தது, அதுக்கும் அந்த மனுஷனை ஒரு மாசம் அவரோட மண்டையையே சந்தேகப்பட வெச்சிருக்கேன்.